எலிக்கு நாள் பார்த்துச் சொல்வது யார்?

இது கொஞ்சம் நீளமான பதிவு. அவசரம் இல்லாத நேரத்தில் படியுங்கள்.

போன மாதம் கிளாஸ்கோவில் இருக்கும் என் பழைய மாணவன் ஒருவன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். அவன் மகள் கூண்டில் வளர்க்கும் குட்டி ஹாம்ஸ்டர். வாங்கும்போது சாம்பல் நிறமாக இருந்ததாம். குளிர்காலம் வந்ததும் வெள்ளையாக மாறிவிட்டது. "பகல் குறைந்ததால்தான் மாறியது, இந்த நாட்களில் அது குட்டியும் போடாது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நம்ம ஊர் எலியும் இப்படித்தானா சார்? நீங்கள் இதை எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததாக ஞாபகமே இல்லையே?" என்று கேட்டிருந்தான்.

சொல்லிக் கொடுக்கவில்லைதான். அதற்குப் பின்னால் நான் செய்த ஒரு தவறும் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் கேள்விக்கு வருவோம்.

மாமல்லபுரத்துக்கு உங்களைக் கல்விச் சுற்றுலா கூட்டிப் போனபோது, அர்ச்சுனன் தபசுப் பாறையில் யானைகளுக்கு முன்னால் ஒரு பூனையைக் காட்டியிருக்கிறேன். பின்னங்காலில் நின்று, கைகளைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்கிற பூனை. அதன் காலடியில் எலிகள். நீங்கள் எல்லோரும் பூனையைப் பார்த்துச் சிரித்தீர்கள். எனக்கு அந்த எலிகள் மேல்தான் கண். பல்லவர் காலத்துச் சிற்பி எலியை நன்றாகப் பார்த்துப் பழகியவனாக இருந்திருக்க வேண்டும். நெல் விளைகிற தொண்டை மண்டலத்தில் எலியைப் பார்க்காமல் இருக்க முடியுமா?

அந்தப் பாறை முன்னால் நின்று பகலை அளந்தால் என்ன கிடைக்கும்? ஜூன் 21 வாக்கில் சூரியன் எழுந்து மறைய ஏறக்குறைய 12 மணி 50 நிமிடம். டிசம்பர் 21 வாக்கில் 11 மணி 25 நிமிடம். ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். சராசரியாகப் பார்த்தால் பகல் நாளுக்கு அரை நிமிடம்தான் கூடும் அல்லது குறையும். கிளாஸ்கோவில் ஜூனில் பதினேழரை மணி நேரம் பகல், டிசம்பரில் வெறும் ஏழு மணி நேரம். அங்கே பகலின் நீளத்தை எந்த உயிராலும் கவனிக்காமல் இருக்க முடியாது. நாம் பஞ்சாங்கத்தைப் பார்த்தால்தான் தெரிந்துகொள்வோம்.

இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு வரலாற்றைப் பார்ப்போம்.

1920-இல் அமெரிக்காவில் கார்னர், அல்லார்டு என்ற இருவர், ஒரு வகைப் புகையிலைச் செடி எப்போது பூக்கும் என்பதைப் பகலின் நீளம் தீர்மானிக்கிறது என்று எழுதினார்கள். அதுவரை வெப்பம், மழை, உரம் என்று தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு இது புதுச் செய்தி. செடிக்கு உண்டென்றால் விலங்குக்கும் இருக்குமோ?

கனடாவின் எட்மண்டன் நகரில் வில்லியம் ரோவன் என்ற விலங்கியல் பேராசிரியர் அதைச் சோதித்தார். குளிர்காலத்தில் தெற்கே போய்விடுகிற சிறு பறவைகளைப் பிடித்து, திறந்தவெளிக் கூண்டுகளில் அடைத்து, மின்விளக்குப் போட்டுப் பகலைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டினார். வெளியே உறைபனி. ஆனாலும் பறவைகளின் இனப்பெருக்க உறுப்புகள் வசந்தகாலம் வந்துவிட்டதுபோல வளர்ந்தன. குளிர் பெரிதாகத் தடுக்கவில்லை. விளக்கின் பேச்சைத்தான் உடல் கேட்டது. 1925-இல் அதை வெளியிட்டார்.

பாலூட்டிகளின் முறை 1932-இல் வந்தது. ஆக்ஸ்போர்டில் ஜான் பேக்கர், ரேன்சன் ஆகிய இருவரும் அந்த ஊர்ப் புல்வெளி எலிகளை இரண்டு பிரிவாக வைத்தார்கள். ஒரு பிரிவுக்கு நாளுக்கு 15 மணி நேர வெளிச்சம், மற்றதற்கு 9 மணி நேரம். 15 மணி நேரம் வெளிச்சம் கண்டவை குட்டி போட்டன. 9 மணி நேரக்காரர்களிடம் இனப்பெருக்கம் ஏறக்குறைய நின்றே போனது. அதே ஆண்டில் அமெரிக்காவில் பிசொனெட் என்பவர், கீரியைப் போல நீண்ட உடல் கொண்ட ஃபெரெட் என்ற விலங்குக்குக் குளிர்காலத்தில் விளக்கு வெளிச்சம் கொடுத்து, காலம் தப்பிச் சினைப்பருவத்துக்கு வரவைத்தார்.

ஏன் இப்படி ஓர் ஏற்பாடு? குளிர் நாட்டில் தப்பான மாதத்தில் குட்டி பிறந்தால் தாயும் போகும், குட்டியும் போகும். வசந்தம் வந்த பிறகு தயாராகலாம் என்று இருந்தால் பாதிக் காலம் கழிந்துவிடும். ஆகவே முன்கூட்டியே தெரிய வேண்டும். வெயில் ஒரு நாள் ஏமாற்றும், பனி ஒரு நாள் ஏமாற்றும். பகலின் நீளம் மட்டும் எந்த ஆண்டும் பொய் சொல்லாது.

உடம்புக்குள் அதை அளப்பது எது? 1958-இல் அமெரிக்காவில் லெர்னர் குழுவினர் மாட்டின் பினியல் சுரப்பியிலிருந்து மெலட்டோனின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். பினியல் என்பது மூளையின் நடுவே பட்டாணி அளவுக்கும் குறைவாக இருக்கிற ஒன்று. 1965-இல் ஹாஃப்மன், ரைட்டர் இருவரும் ஹாம்ஸ்டர்களை இருட்டிலேயே பெரும்பாலும் வைத்தபோது ஆண்களின் விரைகள் சுருங்கின. பினியலை எடுத்துவிட்டு அதே இருட்டில் வைத்தால் சுருங்கவில்லை. மெலட்டோனின் இரவில் மட்டுமே சுரக்கும். இரவு நீண்டால் சுரக்கும் நேரமும் நீளும். ஆக, உடல் உண்மையில் அளப்பது இரவின் நீளத்தை.

1967-இல் காஸ்டன், மெனாக்கர் இருவரும் இன்னொரு கணக்கைப் போட்டுக் கொடுத்தார்கள். ஹாம்ஸ்டருக்குக் கோடு பன்னிரண்டரை மணி. பகல் அதற்கு மேல் இருந்தால் இனப்பெருக்கம், அதற்குக் கீழே போனால் ஓய்வு.

இங்கேதான் எனக்குக் கை துறுதுறுத்தது. காகிதம் எடுத்துக் கணக்குப் போட்டேன். மாமல்லபுரத்தில் ஒரு ஹாம்ஸ்டர் இதே சட்டத்தை வைத்துக்கொண்டு வாழ்ந்தால் என்ன ஆகும்? விடியல், அந்தி வெளிச்சத்தைச் சேர்க்காமல் பார்த்தால், நம் கடற்கரையில் பகல் பன்னிரண்டரை மணிக்கு மேல் இருப்பது ஏறக்குறைய சித்திரை முற்பகுதியிலிருந்து ஆடி முடியும் வரை. அதாவது நம் ஊர் ஹாம்ஸ்டர் அக்கினி நட்சத்திரத்தை ஒட்டிக் குட்டி போட்டுக்கொண்டிருக்கும். சம்பா அறுவடை முடிந்து, ஏரி வற்றி, வயல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் காலம். தை மாதம் களத்துமேட்டில் நெல் குவிந்து கிடக்கும்போது அது ஓய்வில் இருக்கும். ஆக்ஸ்போர்டில் உயிரைக் காக்கும் சட்டம் இங்கே வம்சத்தையே அழித்துவிடும்.

இன்னொன்றும் பாருங்கள். 2015 நவம்பரில் நம் மாவட்டம் வெள்ளத்தில் மிதந்தது. அடுத்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்து, தமிழ்நாடே காய்ந்தது. அந்த இரண்டு நவம்பரிலும் சூரியன் கொடுத்த பகல் நிமிடம் பிசகாமல் ஒன்றுதான். வடக்கே பொய் சொல்லாத சாட்சி, நம் ஊரில் மழையைப் பற்றி ஒன்றுமே தெரியாத சாட்சி.

இந்தச் சந்தேகம் பேக்கருக்கே வந்தது. 1933-34-இல் அவரும் ஆக்ஸ்போர்டுக் குழுவும் பசிபிக் கடலில் நியூ ஹெப்ரைட்ஸ் தீவுகளுக்கு, இன்றைய வனுவாட்டுவுக்கு, போனார்கள். நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே 15 பாகையில், ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே தட்பவெப்பம் கொண்ட மழைக்காடு. அங்கே பருவமே இல்லாமல் எல்லா உயிரும் எப்போதும் பெருகிக்கொண்டிருக்கும் என்று எதிர்பார்க்கலாம். ஆனால் பகலெல்லாம் இருட்டுக் குகையில் தொங்குகிற ஒரு சிறு வௌவால், செப்டம்பர் தொடக்கத்தை ஒட்டி மொத்தமாகச் சினைப்பட்டது. அதற்கு யார் தேதி சொன்னார்கள்? பேக்கரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆறு பத்தாண்டுகள் கழித்து, 1994-இல், ஹைடெமன், பிரான்சன் ஆகியோர் டிரினிடாட் தீவின் ஒரு வௌவாலைப் பற்றி எழுதினார்கள். அதற்கு உடம்புக்குள்ளேயே ஓர் ஆண்டுக் கடிகாரம் ஓடுகிறது, பகலின் நீளத்தை மாற்றிக் காட்டினாலும் அந்தக் கடிகாரம் அதற்கு இசையவில்லை என்று.

நம் நாட்டிலும் இந்த வேலை நடந்தது. நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர் எம்.கே. சந்திரசேகரன். தொடக்கத்தில் அவர் ஆராய்ந்தது நம் சென்னைக் கடற்கரை மணலில் அலை திரும்பும்போது சட்டென்று புதைந்துகொள்கிற சிறு நண்டை. பிடித்துக் கொண்டுபோய் ஆய்வுக்கூடத்தில் வைத்தாலும், கடலே இல்லாத இடத்திலும், அந்த நண்டு ஓதத்தின் நேரத்துக்கு ஏற்றபடி அசைந்தது. 1965-இல் அதை எழுதினார். பிறகு ஜெர்மனிக்குப் போய் டூபிங்கனில் பணியாற்றினார். பகலின் நீளத்தை உயிர்கள் தம் உள்கடிகாரத்தை வைத்தே அளக்கின்றன என்று 1936-லேயே சொன்ன எர்வின் புன்னிங்கின் ஊர் அது. திரும்பி வந்து மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஒரு பெரிய ஆய்வுக் குழுவை உருவாக்கினார்.

அந்தக் குழு மதுரை அருகே குகை வௌவால்களையும், வயல் சுண்டெலியையும் வைத்து வேலை செய்தது. 1981-இல் வந்த ஒரு முடிவு எனக்கு மிகவும் பிடித்தது. வெளிச்சமே எட்டாத குகைக்குள் ஒரு வௌவாலைத் தனிக்கூண்டில் வைத்தார்கள். சுற்றிலும் மற்ற வௌவால்கள் தினமும் மாலை வெளியே போய் வந்துகொண்டிருந்தவரை, கூண்டு வௌவாலும் சரியான நேரத்துக்கு விழித்தது. கூட்டம் இல்லாதபோது அதன் கடிகாரம் தன் போக்கில் நகர ஆரம்பித்தது. வெளிச்சம் இல்லாத இடத்தில் அக்கம்பக்கத்தாரே கடிகாரம்! பேராசிரியர் 2009-இல் மறைந்தார்.

காசியில், பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில், சந்தனா ஹல்தார் பல ஆண்டுகள் அணிலைப் பார்த்தார். நம் அணிலுக்கு முதுகில் மூன்று கோடு. அவர்கள் ஊர் அணிலுக்கு ஐந்து. காசி ஏறக்குறைய 25 பாகை வடக்கில் இருப்பதால் அங்கே ஆண்டுக்குள் பகல் மூன்று மணி நேரத்துக்கு மேல் நீண்டு குறுகும். அந்த அணிலில் பினியல் சுரப்பியின் செயலும் இனப்பெருக்க உறுப்புகளின் செயலும் எதிரெதிராக ஏறி இறங்குவதை அவர் குழு காட்டியது. பகலின் நீளத்தோடு வெப்பமும் காற்றின் ஈரமும் சேர்ந்தே பேசுகின்றன என்றும் கண்டார்கள். வடக்கிலிருந்து தெற்கே வர வர, சூரியனின் குரல் மெலிந்து மழையின் குரல் உயர்கிறது என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

சரி, நம் வயல் எலிக்கு யார் நாள் பார்த்துச் சொல்கிறார்கள்? இங்கேதான் என் தவற்றுக்கு வருகிறேன்.

1986 என்று நினைவு. அரையாண்டுத் தேர்வில் எட்டாம் வகுப்புக்கு ஒரு கேள்வி கொடுத்திருந்தேன். எலிகள் எந்தக் காலத்தில் இனப்பெருக்கம் செய்கின்றன? பாடத்தில் நான் சொல்லிக் கொடுத்த விடை, ஆண்டு முழுவதும். கடைசி பெஞ்சில் ஓர் இருளர் பையன் இருந்தான். அவன் எழுதியிருந்த விடை ஒரே வரி. "நெல்லு பால் புடிக்கும்போது." நான் சிவப்பு மையால் அடித்துவிட்டுப் பூஜ்யம் போட்டேன். போதாததற்கு அந்த வரியை வகுப்பில் உரக்கப் படித்தும் காட்டினேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அந்த ஆண்டோடு அவன் பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டான். என்னால்தான் நின்றான் என்று சொல்ல முடியாது. அந்த வீடுகளில் நிற்பதற்கு நூறு காரணங்கள் இருந்தன. ஆனால் நூற்றொன்றாவது காரணத்தை நான் கொடுத்தேன்.

அவன் எழுதியதுதான் சரி. வீட்டுச் சுண்டெலிக்கு நம் அடுக்களையில் எப்போதும் தீனி உண்டு, அதனால் அது எப்போதும் குட்டி போடும். வயல் எலியின் கதை வேறு. ஜாவாவிலும் வியட்நாமின் மீகாங் கழிமுகத்திலும் நெல்வயல் எலிகளை ஆராய்ந்தவர்கள் கண்டது, பயிர் வளர்ந்து தொண்டைக்கதிர் கட்டும் காலத்தை ஒட்டித்தான் பெண் எலிகள் சினையாகின்றன, கதிர் முற்றி அறுவடையாகும் வரை குட்டி போடுகின்றன என்பதை. சினைக்காலம் ஏறக்குறைய மூன்று வாரம்தான். ஒரே போகத்தில் மூன்று ஈற்று வரை போகலாம். அக்கம்பக்க வயல்களில் ஆளுக்கொரு நாளில் நட்டால், ஒரு வயல் அறுத்ததும் எலி பக்கத்து வயலுக்குப் போய் இனப்பெருக்கத்தைத் தொடரும். அதனால்தான் ஊரே இரண்டு வாரத்துக்குள் நட்டு முடிக்க வேண்டும், எலி ஒழிப்பைப் பயிர் இளசாக இருக்கும்போதே ஊர்கூடிச் செய்ய வேண்டும் என்று அங்கே சொல்கிறார்கள். கதிர் வந்த பிறகு விஷம் வைப்பது வெள்ளம் வந்த பிறகு கரை கட்டுவது மாதிரி.

இன்னும் கேளுங்கள். 1981-இல், நான் சிவப்பு மை போடுவதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே, அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பெர்கர், நீகஸ் குழுவினர் ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தார்கள். அந்த ஊர் மலை எலிகளின் இனப்பெருக்கத்தைத் தூண்டிவிடுவது இளம் புல்லில் இருக்கும் ஒரு வேதிப்பொருள் என்று. அதன் அமைப்பு மெலட்டோனினைச் சற்று ஒத்திருக்கிறது என்பது இன்னொரு வியப்பு. நம் நெல்வயலிலும் அதே பொருள்தான் வேலை செய்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. இங்கே தீனியின் வளமே போதுமான காரணமாக இருக்கலாம். ஆனால் பயிர்தான் எலிக்குப் பஞ்சாங்கம் என்ற அந்தக் கருத்தை, பெரிய அறிவியல் இதழ் ஒன்று அச்சிட்டிருந்த காலத்தில், செங்கல்பட்டுப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் நான் அதற்குப் பூஜ்யம் போட்டேன்.

அவனுக்கு எப்படித் தெரியும்? அவன் அப்பாவும் அம்மாவும் வரப்பில் வளை தோண்டுகிறவர்கள். எந்த வளையில் ஆள் இருக்கிறது, எத்தனை வாசல், எந்த வாசல் மண் புதுசு என்று பார்த்தவுடன் சொல்வார்கள். ஓட்டைப் பானையில் வைக்கோலைப் போட்டுப் புகை ஊதுவார்கள். உதடு வெந்துபோகும், புகை நெஞ்சுக்குள் இறங்கும். வளைக்குள் எலி சேர்த்து வைத்த நெல்லை அள்ளி வருவதுதான் பல வீடுகளில் அன்றைய உலை. எந்த மாதம் வளைக்குள் குட்டி இருக்கும் என்பது அவர்களுக்கு வயிற்றுப் பாடம்.

அதே மக்களின் பாம்பறிவு நமக்குப் பயன்பட்ட கதை உங்களுக்குத் தெரியும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் பாம்புத்தோல் ஏற்றுமதித் தடையும் வந்தபோது அவர்கள் பிழைப்பு போனது. 1978-இல் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில், பிடித்த பாம்பிலிருந்து நஞ்சை எடுத்துவிட்டு மறுபடி காட்டில் விடுகிறார்கள். நாட்டில் பாம்புக்கடி மருந்து செய்ய அந்த நஞ்சு போகிறது. 2023-இல் நம் மாவட்டத்து வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. தொலைக்காட்சியில் அதைப் பார்த்தபோது எனக்கு அந்த ஒரு வரி விடைத்தாள்தான் ஞாபகம் வந்தது.

பாம்பு எலியின் பின்னால் போகிறது. எலி கதிரின் பின்னால் போகிறது. கதிர் மழையின் பின்னால் போகிறது. இந்தச் சங்கிலியில் சூரியன் எங்கேயோ தூரத்தில் நிற்கிறது. நம் வேடந்தாங்கல் பறவைகளும் மழை பெய்து ஏரி நிரம்பினால்தான் கூடு கட்டி நிலைக்கும் என்பது அந்த ஊர்க்காரர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரியும்.

இப்போது மழையின் நாள் தப்புகிறது. நடவும் தப்புகிறது. ஒருவர் முன்னால் நடுகிறார், ஒருவர் ஒரு மாதம் பின்னால். அப்படியானால் எலிக்கு நீண்ட கல்யாண சீசன் என்று அர்த்தம். வடக்கே நேர்மாறான சிக்கல். அங்கே பகலின் நீளம் பழையபடியே இருக்க, வசந்தம் மட்டும் முன்னால் வருகிறது. பகலை நம்பி நாள் குறித்த விலங்கு விருந்து முடிந்த பிறகு வந்து சேரும் அபாயம்.

கிளாஸ்கோ மாணவனுக்குப் பதில் இதுதானப்பா. உன் மகளின் ஹாம்ஸ்டர் இரவை அளக்கிறது. நம் ஊர் வயல் எலி கதிரைப் பார்க்கிறது. இரண்டும் கேட்பது ஒரே கேள்வி: என் குட்டி கண் திறக்கும்போது சாப்பாடு இருக்குமா? விடை தேடும் இடம்தான் வேறு. உன் மகளிடம் சொல், அவள் பள்ளியில் சொன்னது சரி. ஆனால் அது அந்த ஊருக்குச் சரி.

இங்கே விவசாயம் பார்க்கும் என் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த சம்பாவுக்குப் பக்கத்து வயல்காரரோடு பேசி ஒரே சமயத்தில் நடுங்கள். விஷத்தை வாங்குவதற்கு முன்னால், பயிர் இளசாக இருக்கும்போதே வளை தோண்டத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.

ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்களுக்கு இன்னொன்று. பாடப் புத்தகத்தில் இல்லாத விடை வந்தால், சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு, "உனக்கு எப்படித் தெரியும்?" என்று ஒரு முறை கேளுங்கள்.

அந்த 1986 வகுப்பில் இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், அவன் இப்போது எங்கே இருக்கிறான் என்று தெரிந்தால், எனக்குத் தனியாகச் சொல்லுங்கள். பெயரை இங்கே எழுத வேண்டாம். நான் அவன் வீட்டுக்குப் போய் மதிப்பெண்ணைத் திருத்திவிட்டு வர வேண்டும். இரண்டு மதிப்பெண் கேள்வி அது.

எல்லோரும் நலமாக இருங்கள்.